சொன்னதை எழுதிய கை

என் அத்தை முதன்முதலாகப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதியபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. மேற்கு வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் தன் அண்ணனுக்கு உதவியாகக் காலை எட்டு மணி முதல் மெஷின் முன்னால் நிற்பாள். அந்த அண்ணன்தான் என் அப்பா.

நாற்பதாயிரம் பேர் படிக்கிற இடம் அது. தேர்வுக் காலம் வந்தால் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. ஹால் டிக்கெட் நகல், கடைசி நேரக் குறிப்புகள், தோழியிடம் இரவல் வாங்கிய நோட்டு என்று ஆளாளுக்குக் கையை நீட்டுவார்கள். அப்படி ஒரு காலையில் தேர்வுப் பிரிவு எழுத்தர் மூச்சிரைக்க ஓடி வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டாராம்.

"ஸ்கூல் படிப்போட நிறுத்துனவங்க யாராவது இங்க இருக்கீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு படித்தவர்கள் வேண்டும் என்று ஆள் தேடுவதுதான் ஊர் வழக்கம். படிக்காதவர் வேண்டும் என்று அந்த வாசலில் யாரும் தேடி வந்ததில்லை. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, "எதுக்குங்க?" என்று கேட்டார்.

பார்வையில்லாத மாணவர் ஒருவருக்கு இறுதியாண்டு வரலாற்றுத் தேர்வு. அவர் சொல்லச் சொல்ல எழுத ஏற்பாடு செய்திருந்த ஆளுக்குக் காய்ச்சல். தேர்வு தொடங்க முக்கால் மணி நேரம்தான் இருந்தது. எழுதுபவர் தேர்வு எழுதும் மாணவரைவிட ஒரு படியாவது குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் மாணவருக்குப் பதிலாக அவரே விடை எழுதிவிடுவார் என்ற பயம். பல்கலைக்கழகத்துக்குள் எங்கு திரும்பினாலும் பட்டதாரிகள். எழுத்தர் பாவம், தெருவுக்கு வந்துவிட்டார்.

"என் தங்கச்சி ஸ்கூல் முடிச்சிருக்கா. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

அத்தை கையில் ஒட்டியிருந்த மைத்தூளைத் துடைத்துக்கொண்டே போனாள். துடைத்தும் போகாத கறையோடுதான் விடைத்தாளைத் தொட்டாளாம்.

தேர்வுக் கூடத்துக்குக் கீழே, உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்த ஒரு அறையைத் துடைத்து, இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மாணவருக்கு இருபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. கண்காணிப்பாளர் அத்தையிடம் விதிகளைப் படித்துக் காட்டினார். சொன்னதை மட்டும் எழுத வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. அத்தை தலையாட்டினாள்.

மாணவர் தொடங்கினார். நிதானமான குரல். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "முற்றுப்புள்ளி" என்பார். பத்தி முடிந்தால் "பத்தி" என்பார். அத்தை சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். முதல் பக்கம் முடிந்ததும், "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்கக்கா" என்று அவர் கேட்டார். அத்தை வாசித்தாள்.

"'துறைமுகங்கள் செழித்திருந்தன முற்றுப்புள்ளி கப்பல்கள் ஆண்டு முழுவதும் வந்தன முற்றுப்புள்ளி பத்தி...'"

அவர் கையை நீட்டித் தடுத்தார். "அக்கா, முற்றுப்புள்ளின்னு எழுத்துல எழுதியிருக்கீங்களா?"

"நீங்க சொன்னீங்களே."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்காணிப்பாளரும் வாயைப் பொத்திக்கொண்டார். பதினான்கு முற்றுப்புள்ளிகளை அத்தை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் புள்ளி வைத்தாள். அவமானத்தில் காது சுட்டதாம். ஆனால் அதற்குப் பிறகு மூன்றே முக்கால் மணி நேரம், பார்வையில்லாதவர்களுக்குத் தரும் கூடுதல் நேரத்தையும் சேர்த்து, பேனா ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. துறைமுக நகரங்கள் அழிந்ததற்கு மூன்று காரணங்கள் என்று தொடங்கியிருந்தார். இரண்டுதான் தாளில் ஏறியிருந்தன. அத்தை வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் நன்றி சொல்லக் கடைக்கு வந்தார். வாங்க, உட்காருங்க என்று சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"தம்பி, அந்த மூணாவது காரணம் என்ன?"

"ஆறு திசை மாறிடுச்சுக்கா. முகத்துவாரத்துல மண் மேவி, கப்பல் உள்ள வர வழியில்லாம போச்சு."

"அதான பாத்தேன்" என்றாள் அத்தை. அதற்கு முன் ஆற்றைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை என்றாலும் அப்படித்தான் சொன்னாள் என்று அப்பா சத்தியம் செய்வார்.

எங்கள் வீட்டில் அவர் பெயர் அன்றிலிருந்து முற்றுப்புள்ளி. அந்த ஆண்டு பல்கலைக்கழகத்திலேயே வரலாற்றில் முதலாவதாக வந்தார். செய்தி பரவியது. மேற்கு வாசல் ஜெராக்ஸ் கடையில் ஒரு அக்கா இருக்கிறார், கை வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, மாணவர்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். எழுத்தக்கா என்ற பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே தெரியாது. பதினெட்டு வயதுக்காரருக்கும் அக்காதான், ஐம்பது வயது எழுத்தருக்கும் அக்காதான்.

அடுத்த இருபத்தேழு ஆண்டுகளில் பத்தொன்பது பேருக்கு எழுதினாள்.

அந்த வேலையை அவள் ஏனோதானோ என்று செய்யவில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே மாணவரைக் கடைக்கு வரச் சொல்வாள். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஏதாவது சொல்லச் சொல்லி எழுதிப் பழகுவாள். ஒருவர் யோசிக்கும்போது "வந்து, வந்து" என்பார். ஒருவர் பாதி வாக்கியத்தை விழுங்குவார். ஒருவர் தொண்டையைச் செருமினால் பத்தி முடிந்தது என்று பொருள். இவையெல்லாம் தேர்வறைக்குப் போய்த் தெரிந்துகொள்கிற விஷயங்கள் அல்ல என்பாள். பாடத்தில் வரும் கடினமான பெயர்களுக்கு எழுத்துப்பிழை வரக் கூடாது என்று, நகலெடுக்க வரும் குறிப்புகளை மெஷின் ஓடும் நேரத்தில் வாசித்துக்கொண்டே நிற்பாள். சட்டம், தத்துவம், பொருளியல், மொழியியல் என்று அவள் வாசிக்காத துறை இல்லை. அத்தனையையும் மெஷின் ஓடும் நேரத்துக்குள் வாசித்தாள்.

அப்படி வாசித்ததால் ஒரு தொல்லையும் வந்தது. ஒருமுறை பொருளியல் மாணவர் ஒருவர் சந்தையில் சரக்கு வரத்தையும் அதற்கான தேவையையும் தலைகீழாக மாற்றிச் சொன்னார். அது தவறு என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அவரோ நல்ல பையன், குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர். நடுவில் அவரே சந்தேகப்பட்டு நிறுத்தினார்.

"அக்கா, சரியாத்தான சொல்றேன்?"

"நீங்க சொன்னதை எழுதிட்டிருக்கேன், தம்பி" என்றாள் அத்தை. குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாளாம்.

அந்தத் தாளில் அவர் தோற்றுவிட்டார். முடிவு வந்த அன்று நேராகக் கடைக்கு வந்து கேட்டார்.

"தப்புன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்த மார்க் எனக்கு வந்திருக்கும். உங்களுக்கு இல்ல."

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆறு மாதம் கழித்து மறுதேர்வுக்கு அத்தையைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இந்தமுறை தேறினார். இன்று பேருந்து நிலையம் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு கிளைகள். எங்கள் வீட்டில் யார் போன் கீழே விழுந்தாலும் அங்கேதான் போகும். வரத்துக்கும் தேவைக்கும் வித்தியாசம் இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும் என்று அத்தை கேலி செய்வாள்.

சட்டம் படித்த பெண் ஒருவர் இருந்தார். அவர் பேச்சு மழை மாதிரி. எழுத எழுதப் பக்கம் நிறைந்துகொண்டே போகும். அவருக்கு எழுதிய ஐந்து ஆண்டுகளில் அத்தையின் நடுவிரலில் காய்த்த காய்ப்பு இன்றும் இருக்கிறது. பின்னாளில் அவர் நீதிபதியானார். பதவியேற்பு விழாவில் முதல் வரிசையில் அத்தைக்கு இடம் ஒதுக்கியிருந்தார். வானொலியில் காலைச் செய்தி வாசிக்கும் அந்த வெண்கலக் குரலுக்குரியவருக்கும் தேர்வு எழுதியது அத்தைதான். அவர் குரல் வந்தால் கடையில் எல்லோரும் மெஷினை நிறுத்த வேண்டும். அது அத்தை போட்ட சட்டம்.

அத்தையின் கணவரான மாமா பல்கலைக்கழகப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நாளெல்லாம் பேருந்துக்கு அடியில் படுத்துக் கிடப்பவர். ஆனால் நாக்கு மட்டும் எழுந்து நிற்கும். "எங்க வீட்டுல ஒரு கை மட்டும் பட்டம் வாங்கியிருக்கு. மிச்ச உடம்பு இன்னும் ஸ்கூல்லதான் இருக்கு" என்பார். அத்தை சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு முடிந்ததும் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போகும். நான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு ஆசை இருந்தது. முற்றுப்புள்ளி சார் மேலே படித்து, முனைவர் பட்டம் வாங்கி, அதே வரலாற்றுத் துறைக்கு ஆசிரியராக வந்த பிறகு ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் கடைக்கு வந்து நிற்பார்.

"மாலை நேர வகுப்பு இருக்குக்கா. வயசு வரம்பு கிடையாது. விண்ணப்பம் கொண்டாந்திருக்கேன்."

"அடுத்த வருஷம் பாக்கலாம், சார்."

"என்னைப் போய் சார்ங்கறீங்க."

"வாத்தியாரை வேற எப்படிக் கூப்பிடறது?"

விண்ணப்பத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைப்பாள். பூர்த்தி செய்ய மாட்டாள். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பெயர் பதிந்துவிட்டால் அங்கே யாருக்கும் எழுதக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. எந்த ஆண்டு பார்த்தாலும் யாராவது ஒருவர் படிப்பின் நடுவில் இருந்தார். நடு ஆற்றில் ஆளை இறக்கிவிட்டுப் போக அவளால் முடியவில்லை. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் வந்துவிடுவார். இப்படியே அவளுக்கு ஐம்பத்துமூன்று ஆகிவிட்டது.

அந்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு மலர் கொண்டுவரக் குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் முற்றுப்புள்ளி சார். அப்போது அவர் துறைத் தலைவர், எட்டு நூல்கள் எழுதியவர். மலரில் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் என்று ஒரு பெரிய பகுதி வரவிருந்தது. அந்தப் பட்டியலைத் திரட்டும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. விஞ்ஞானிகள், அமைச்சர்கள், பாலம் கட்டியவர்கள், ஓட்டப்பந்தய வீரர்கள், அகராதி தொகுத்தவர் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டும். வந்ததை ஒழுங்குபடுத்தி அச்சுக்குக் கொடுப்பது என் பொறுப்பு.

குழுக் கூட்டத்தில் சார் அத்தையின் பெயரைச் சொன்னார். பதிவாளர் நல்ல மனிதர். ஆனாலும் தயங்கினார்.

"தலைப்பு மாணவர்களும் ஆசிரியர்களும்னு இருக்கே. இவங்க ரெண்டும் இல்ல. நம்ம ஊழியரும் இல்ல. எந்தக் கணக்குல சேக்கறது?"

கூட்டம் முடிந்ததும் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு மேற்கு வாசலுக்கு நடந்தார். கடையில் கூட்டம் இல்லை. ஓரத்து ஸ்டூலில் சட்டம் படிக்கும் மாணவி உட்கார்ந்து ஏதோ குறிப்பை விரலால் தடவி வாசித்துக்கொண்டிருந்தாள். அப்போது அத்தை எழுதிக்கொண்டிருந்தது அவளுக்குத்தான். முதல் நாளே வாக்குவாதம் செய்ததால் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். "வா கண்ணு" என்று அத்தை வாய்தவறிக் கூப்பிட்டதற்கு, "ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா, என்னைப் போய் கண்ணுங்கறீங்க" என்று கேட்டவள். அத்தை பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

சார் விஷயத்தைச் சொன்னார். அத்தை மெஷினிலிருந்து தாளை எடுத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னை எந்தப் பக்கத்துல போடுவீங்க?"

"தனியா ஒரு பக்கம் போடறேன்க்கா. குழுவை நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம், சார்."

"ஏன்?"

"உங்களுக்கு எழுதினப்ப நான் உங்க மேல பரிதாபப்பட்டு எழுதல. உங்களுக்கு விடை தெரியும், எனக்குக் கை இருந்துச்சு. அவ்வளவுதான். இப்ப நீங்க என் மேல பரிதாபப்பட்டு இடம் ஒதுக்காதீங்க. நான் படிக்காத இடத்துல என் பேர் எதுக்கு?"

"அப்ப படிங்க."

"படிக்கலாம். வக்கீலம்மாவுக்கு இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கே. அவளை யார் பாத்துக்குவா?"

வக்கீலம்மா தலை நிமிரவில்லை. எதற்கும் பதில் வைத்திருப்பவள் அன்று வாயே திறக்கவில்லை. எனக்கு அது வினோதமாகப் பட்டது.

அடுத்த வாரம் அவள் தேர்வுப் பிரிவுக்குப் போய் ஒரு மனு கொடுத்தாள். திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் கணினியில் தன் தேர்வைத் தானே தட்டச்சு செய்ய அனுமதி வேண்டும். அங்கே முடியாது என்றார்கள். இதுவரை வழக்கமில்லை என்றார்கள். கணினியில் விடைகளை ஒளித்து வைத்திருந்தால் என்ன செய்வது என்றார்கள். "உங்க கணினியையே குடுங்க, நீங்களே பக்கத்துல உக்காருங்க" என்றாள் அவள். நாலு மாதம் விடவில்லை. சட்டம் படிப்பவளிடம் விதி பேசினால் என்ன ஆகும் என்று தேர்வுப் பிரிவு அப்போது தெரிந்துகொண்டது. அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் அத்தையிடம் வந்து சொன்னாள்.

அத்தை, "நல்லது" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் தாளைத் தலைகீழாக வைத்து நகலெடுத்தாள். அப்பா மூன்று முறை திருத்தினார். மூன்றாம் நாள் வக்கீலம்மா மறுபடி வந்தபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்வையில்லாதவளுக்கு அது தெரியாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் தெரிந்துவிட்டது.

"அக்கா, கோபமா?"

"எதுக்கு கோபம்? என் எழுத்து பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"உங்களைப் படிக்க அனுப்பணும்னுதான் மனு குடுத்தேன்னு நினைச்சா அது பாதிதான் உண்மை. நான் அவ்வளவு நல்லவ இல்ல."

"மீதி என்ன?"

"நாளைக்கு நான் கோர்ட்ல நிக்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்து எழுதப் போறீங்களா? ஒரு வாக்கியத்தை நானே எழுதணும், நானே அழிக்கணும், பத்து தடவை நானே மாத்தணும். உங்ககிட்ட அடிங்க, திருப்பி எழுதுங்கன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கும். அதனாலேயே சுமாரான வாக்கியத்தை விட்டுடுவேன். உங்க கை ரொம்ப நல்ல கைக்கா. ஆனா அது என் கை இல்ல."

அத்தை ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கணும், கண்ணு" என்றாள். இந்தமுறை மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் இழுப்பறையைத் திறந்தாள். பழைய விண்ணப்பங்கள் செல்லாது என்றார்கள். புதிதாக ஒன்று வாங்கி அச்சு மாதிரியான எழுத்தில் பூர்த்தி செய்தாள். பாடம் என்ற இடத்தில் வரலாறு. அந்த மாலையே மாமா பணிமனையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, விண்ணப்பத்தைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாசித்தார். கேலி எதுவும் வரவில்லை. "போட்டோ நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதே மாதத்தில் மலருக்கான குறிப்புகள் வந்து சேர்ந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சாருடைய குறிப்பில், தான் வகித்த பதவிகளுக்கெல்லாம் முன்பாக, தன் தேர்வுகளைத் தன் சொல்லுக்கு எழுதியவர் என்று அத்தையின் பெயர் இருந்தது. நீதிபதியின் குறிப்பில் அவருடைய ஆசிரியர்களின் பெயர்களுக்கு நடுவே அத்தையின் பெயர் இருந்தது. செய்தி வாசிப்பவரின் குறிப்பில் கடைசி வரியில் இருந்தது. மூவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவில்லை. அத்தைக்குத் தனிப் பக்கம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் மற்றவர்கள் தங்கள் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று முறை பெயர் வந்த ஒரே ஆள், பட்டியலில் இல்லாத அவள்தான்.

மலர் வெளிவந்ததும் அவளிடம் கொடுத்தேன். மூன்று இடங்களையும் பார்த்தாள். "பேர்ல எழுத்துப்பிழை இல்ல. நல்லா பாத்திருக்கே" என்றாள். பிறகு கடையின் பின்பக்கம் போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

கடையைப் பார்த்துக்கொண்டு, மாலையில் வகுப்புக்குப் போனாள். அவளுக்குப் பாடம் தெரியும். பாதி பாடம் மற்றவர்கள் வாயால் கேட்டு எழுதியதுதான். சார் வகுப்பெடுக்கும்போது, "இதுக்கு யார் பதில் சொல்றீங்க? அக்கா, நீங்க சொல்லுங்க" என்று வாய்தவறிவிட, வகுப்பு முழுவதும் அவளை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கியது. அவளுடைய தாள்களைத் தான் திருத்த முடியாது என்று சார் முதல் வாரமே துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல் தேர்வு வந்தது. நூற்றைம்பது பேர் உட்காரும் கூடம். இருபத்தேழு ஆண்டுகள் தேர்வு எழுதியவளுக்கு அந்தக் கூடத்தில் உட்கார்வது அதுதான் முதல் முறை. கேள்வித்தாளைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் விடை தெரியும். பேனாவைத் திறந்து தாளில் வைத்தாள். கை நகரவில்லை.

"யாரும் எதுவும் சொல்லல. எப்படி எழுதறது?" என்று பிற்பாடு எங்களிடம் கேட்டாள்.

அரை மணி நேரம் அப்படியே போனது. சுற்றிலும் பேனாக்கள் ஓடுகின்றன. பிறகு அவளுக்கு ஒரு வழி தோன்றியது. மெதுவாகத் தனக்குத்தானே சொல்லத் தொடங்கினாள். கை உடனே எழுந்தது. இரண்டு பக்கம் போயிருக்கும். இளைஞரான கண்காணிப்பாளர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, யார்கிட்ட பேசறீங்க?"

"என்கிட்டதான் சார்."

"ஹால்ல பேசக் கூடாது."

"பேசலன்னா கை எழுத மாட்டேங்குது."

முன்னால் இருந்த பையன் தோள் குலுங்கச் சிரித்தான். கண்காணிப்பாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, அவளைக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். உதடு அசையலாம், சத்தம் வரக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குள் இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தது. அதோடு இன்னொன்றையும் அவள் மறந்திருந்தாள். இத்தனை ஆண்டுகள் அவள் எழுதியதெல்லாம் கூடுதல் நேரம் உள்ள தேர்வுகள். அந்தக் கணக்கிலேயே நிதானமாக எழுதிக்கொண்டிருந்தபோது மூன்று மணி நேரத்தில் மணி அடித்துவிட்டது. ஒரு முழுக் கேள்வி நின்றுபோனது.

வெளியே காத்திருந்த மாமாவிடம், "ஒரு மணி நேரத்தைத் திருடிட்டாங்க" என்றாளாம்.

அடுத்த தாளுக்குள் சமாளித்துக்கொண்டாள். மூன்று ஆண்டுகளும் உதட்டை அசைத்துக்கொண்டே எழுதினாள். முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பு. பத்தொன்பது பேருக்கு எழுதியதில் நாலு முதலிடங்கள் வாங்கிய கை, தன் சொந்தக்காரிக்கு ஐம்பத்தேழு சதவீதம் வாங்கிக் கொடுத்தது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "இது முழுக்க என்னோடது. தப்பும் என்னோடது" என்று மதிப்பெண் பட்டியலைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

பட்டமளிப்பு விழாவில் பெயர்களை வாசித்தவர், அதற்குள் கலைப்புல முதல்வராகியிருந்த முற்றுப்புள்ளி சார். தடித்த தாளில் விரல் ஓட ஓட, ஒரே சீரான குரலில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அத்தை பெயர் வந்தது. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை, நிற்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டது. மாமாவுக்குத் தாங்கவில்லை.

"ஒரு அக்காவாவது சேத்திருக்கலாம்ல?" என்று என் காதில் முணுமுணுத்தார்.

அத்தை கறுப்பு அங்கி காலைத் தடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். ஐந்தாவது வரிசையிலிருந்து ஒரு கைத்தட்டல் மட்டும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. வக்கீலம்மா. அந்த ஆண்டுதான் அவள் முதல் வழக்கில் வாதாடி வென்றிருந்தாள். அப்பா தட்டவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கி வந்தவளிடம் மாமா தன் குறையைச் சொன்னார்.

"தாள்ல இருக்கறதைத்தான் அவர் வாசிக்கணும்" என்றாள் அத்தை. "கூட்டினா அது தப்பு."

இரண்டு மாதம் கழித்துத் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் வேறு ஏதோ என்று நினைத்தோம். தேர்வு எழுத உதவுவோர் பட்டியலில் இருந்து அத்தையின் பெயரை நீக்கியிருப்பதாக அதில் இருந்தது. காரணம் என்ற இடத்தில், தட்டச்சில், 'கல்வித் தகுதி அதிகமாக இருப்பதால்' என்று போட்டிருந்தார்கள்.

அத்தை அதை நின்றுகொண்டே ஒருமுறை வாசித்தாள். உட்கார்ந்து ஒருமுறை வாசித்தாள். பிறகு எங்களை எல்லாம் கூப்பிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

பட்டச் சான்றிதழ் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது இந்தக் கடிதத்தைத்தான். நகலெடுக்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். மெஷின் ஓடி முடிப்பதற்குள் அத்தை சொல்லி முடித்துவிடுகிறாள்.